கேரேஜ் ஓடாத நேரத்திற்குக் கூலி உண்டா?

‘இயந்திரத்தில்தானே செய்தது’ என்ற சொல்லை, வீட்டுப் பின்னல் இயந்திரத்தில் ஸ்வெட்டர் செய்யும் ஒரு பெண் இரண்டு இடங்களில் கேட்கிறாள். கையால் பின்னுவோர் அதைச் சொல்லும்போது, ‘ஆகவே இது கலையன்று’ என்பது பொருள். நூலைக் கொடுத்து ஸ்வெட்டரை வாங்கிக்கொள்ளும் வியாபாரி அதையே சொல்லும்போது, ‘ஆகவே கூலியைக் கூட்ட இயலாது’ என்பது பொருள். ஒரே வாக்கியம் ஒருபுறம் மதிப்பையும் மறுபுறம் ஊதியத்தையும் குறைக்கிறது. இந்த வாக்கியம் உண்மைதானா என்பதை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு கல்விப்புலத்திற்கு உண்டு. ஏனெனில் திறன், உழைப்பு, தொழில்நுட்பம் ஆகிய சொற்களுக்கு வரையறை வகுப்பதும் அதே புலம்தான்.

தமிழகத்தில் பின்னலாடை என்றதும் திருப்பூரும் பருத்திப் பனியனும் நினைவுக்கு வரும். கம்பளிப் பின்னலின் தலைநகரம் லூதியானா. 1833-இன் பஞ்சத்திற்குப் பின் காஷ்மீரிலிருந்து பஞ்சாபின் நகரங்களுக்குப் பெயர்ந்த சால்வை நெசவாளர்களின் கைத்திறன் அந்நகரத்தின் தொடக்ககால முதலீடுகளுள் ஒன்று. பின்னர் வளர்ந்த ஹோசியரித் தொழில் பட்டறைகளோடு நின்றுவிடவில்லை. கையால் இழுத்து இயக்கும் தட்டைப் பின்னல் இயந்திரங்களின் வடிவில் பஞ்சாபிலும் இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. குளிர்காலத்திற்கு முந்தைய மாதங்களில் அண்டை வீட்டாரின் ஆணைகளை ஏற்றுப் பின்னிக் கொடுப்பதும், பட்டறைகளுக்குத் துண்டுக்கூலிக்குப் பின்னுவதும் அவ்வீடுகளின் வருவாய்க்குத் துணையாயின. இந்தியில் நெசவையும் பின்னலையும் ‘புனாயி’ என்ற ஒரே சொல் குறிக்கிறது. சொல் ஒன்றானாலும், நெசவுக்குக் கைத்தறி என்ற சட்டப் பெயரும் 1985-இல் இயற்றப்பட்ட ஒதுக்கீட்டுச் சட்டத்தின் காப்பும் கிடைத்தன. வீட்டில் இயந்திரத்தின் முன் அமர்ந்து பின்னும் பெண்ணுக்கு அத்தகைய பெயரும் இல்லை, காப்பும் இல்லை.

இந்த இயந்திரத்தில் கற்பவர் உண்மையில் எதைக் கற்கிறார்?

வீட்டு இயந்திரங்களில் பரவலான வகையில் 4.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 200 ஊசிகள் ஒரு படுக்கையில் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியின் முனையிலும் ஒரு கொக்கி. கொக்கியைத் திறந்து மூடும் சிறு நாக்கு. கேரேஜ் என்னும் பகுதியைப் படுக்கையின் மேல் ஒருமுறை இழுத்தால், ஊசிகள் முன்னே வந்து புதிய நூலைப் பற்றி, பழைய கண்ணியின் வழியே அதை இழுத்துப் பின்வாங்கும். ஒரு வரிசை முடிந்தது. பார்ப்பவருக்கு இது விளையாட்டைப் போலத் தோன்றும். ஓர் இழுப்புக்கு ஐந்து விநாடி என்று கொண்டால், 200 வரிசைகள் கொண்ட ஒரு முதுகுப்பகுதி இருபது நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ‘இயந்திரத்தில்தானே’ என்னும் ஏளனம் இந்த இருபது நிமிடக் காட்சியிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த இருபது நிமிடத்திற்கு முன்னும் பின்னும் நடப்பவை பார்வையாளரின் கண்ணில் படுவதில்லை. முதலில் மாதிரித் துண்டு. நாற்பது கண்ணிகள், அறுபது வரிசைகள் பின்னி எடுத்தவுடன் அதை அளக்கக் கூடாது. துணி சீராகக் கீழிறங்க வேண்டும் என்பதற்காகத் தொங்கவிட்ட எடைகள் அதை நீள வாட்டத்தில் இழுத்து வைத்திருக்கும். துவைத்து, உலர்த்தி, ஓய்வுகொள்ள விட்ட பிறகே அதன் உண்மை அளவு தெரியும். பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணிகள் என்று வந்தால், 96 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவுக்கு முன்பாகமும் பின்பாகமும் தலா 134 கண்ணிகள் வேண்டும். தையலுக்கு ஓரத்தில் ஒவ்வொன்று சேர்த்தால் 136. பொறுமையற்ற கற்பவர் துவைக்காத துண்டை அளந்து 28 என்று எழுதிக்கொள்கிறார். துவைத்தபின் உண்மை 26 என்று தெரிகிறது எனக் கொள்வோம். வேறுபாடு இரண்டே கண்ணிகள். ஆனால் முடிந்த ஸ்வெட்டரின் சுற்றளவு 103 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். ஏழு சென்டிமீட்டர் தொளதொளப்பு என்பது வாடிக்கையாளர் திருப்பியனுப்பப் போதுமான காரணம்.

அடுத்தது கைப்பகுதி. மணிக்கட்டில் 56 கண்ணிகளில் தொடங்கி, மேற்கையில் 100 கண்ணிகளாக விரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் இரு ஓரங்களிலும் ஒன்று கூட்டினால் 22 முறை கூட்ட வேண்டும். கிடைப்பவை 168 வரிசைகள். 168-ஐ 22 சரியாக வகுக்காது. எனவே எட்டு வரிசைக்கு ஒருமுறையாக 14 தடவையும், ஏழு வரிசைக்கு ஒருமுறையாக 8 தடவையும் கூட்ட வேண்டும். எட்டுகளை முதலிலும் ஏழுகளைப் பின்னரும் அடுக்கினால் கையின் ஓரக்கோடு நடுவில் சற்றே முறியும். இரண்டையும் கலந்து பரப்பினால் கோடு நேராக ஓடும். முழு எண்களைக் கொண்டு சாய்கோட்டை எப்படி வரைவது என்ற இதே சிக்கலுக்குத்தான் ஐபிஎம் நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் ஒரு வழிமுறை வகுத்தார். கணினி வரைகலைப் பாடத்தில் மாணவர் அதைத் தேர்வுக்காகப் படிக்கிறார். பின்னல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண் பழைய நோட்டின் ஓரத்தில் அதே கணக்கைப் போட்டுக்கொள்கிறாள். முன்னதற்கு மதிப்பெண் உண்டு. பின்னதை எவரும் கணிதம் என்று அழைப்பதில்லை.

கணக்கு சரியாக இருந்தாலும் கை பழக வேண்டும். ஒற்றைப் படுக்கை இயந்திரத்தில் துணியின் உள்பக்கமே பின்னுபவரை நோக்கி இருக்கும். வெளிப்பக்கம் எப்படி வருகிறது என்பதை உள்பக்கத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். வரிசையின் நடுவில் கேரேஜ் தடுமாறினால் பலங்கொண்டு தள்ளக் கூடாது. தள்ளினால் ஊசிகள் வளையும். கோனிலிருந்து நூல் தடையின்றி வருகிறதா என்பதை இழுக்கும் கையின் எதிர்ப்புணர்விலேயே அறிய வேண்டும். ஒரு கண்ணி நழுவிவிட்டால் அது ஏணிப்படி போல வரிசை வரிசையாக அவிழ்ந்து இறங்கும். நாக்குக் கொக்கி ஒன்றைக் கையில் பிடித்து, கீழிருந்து ஒவ்வொரு படியாகப் பற்றி மேலேற்ற வேண்டும். எந்தக் கையேட்டைப் படித்தாலும் முதல் தடவை இது கைகூடாது. ‘சொல்லக்கூடியதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம்’ என்ற கருத்தை முன்வைத்த மைக்கேல் போலன்யியை ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவோர் பலர். அவர் கூறியதற்கு உதாரணம் தேடி அவர்கள் ஆய்வகத்தைத் தாண்டி வருவது அரிது.

இறுதியில் பாகங்களை இணைக்கும் வேலை. இரு ஓரங்களின் வரிசைகளையும் எண்ணி ஒன்றோடொன்று பொருத்தி, கழுத்துப்பட்டியை எடுத்துப் பின்னி, நூல்முனைகளை உள்ளே செருகி, நீராவியில் அமர்த்த வேண்டும். இது முழுவதும் கைவேலை. கேரேஜ் ஓடிய நேரத்தைவிட அது ஓடாத நேரமே அதிகம். ஆயினும் துண்டுக்கூலி பேசும்போது ஓடிய நேரம் மட்டுமே பேச்சில் இடம்பெறுகிறது. மாதிரித் துண்டுக்கும் கணக்குக்கும் அவிழ்த்துத் திருத்தியதற்கும் தனிக் கூலி இல்லை. நூல் வீணானால் அதன் இழப்பு பெரும்பாலும் பின்னியவரின் தலையில் விழுகிறது.

இந்த ஏற்பாடு புதியதன்று. 1589-இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டனில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது நாட்டிங்ஹாம்ஷயர், லெஸ்டர்ஷயர் பகுதிகளின் வீடுகளுக்குள் சென்றது. சட்டகம் பலருக்குச் சொந்தமில்லை. வாடகை செலுத்த வேண்டியிருந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை கூலியிலிருந்து கழிந்தது. 1811-இல் அவர்கள் சட்டகங்களை உடைக்கத் தொடங்கியபோது, எல்லாச் சட்டகங்களையும் உடைக்கவில்லை. அகலமாகப் பின்னிய துணியை வெட்டித் தைத்து மட்டமான காலுறைகளை மலிவாக விற்றவர்களும், கூலியைக் குறைத்தவர்களுமே இலக்கானார்கள். 1812-இல் நாடாளுமன்றம் சட்டக உடைப்புக்கு மரண தண்டனை விதித்தது; பைரன் பிரபுக்கள் அவையில் அம்மசோதாவை எதிர்த்துப் பேசினார். இன்று ‘லட்டைட்’ என்றால் தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சும் அறிவிலி என்று கருத்தரங்குகளில் பொருள்கொள்ளப்படுகிறது. அவர்கள் தம் காலத்தின் மிக நுண்ணிய வீட்டு இயந்திரத்தை நாள்தோறும் இயக்கியவர்கள். இயந்திரத்தை யார் பெயரில், எந்தக் கூலிக்கு இயக்குவது என்பதே அவர்களது வழக்கு. லூதியானாவின் சந்துகளிலும் வழக்கு அதுவே.

ஒரே இயந்திரம் இடம் மாறினால் மதிப்பும் மாறும் என்பதற்குச் சமகாலச் சான்று உண்டு. ஜப்பானின் பிரதர் நிறுவனம் தயாரித்த பழைய மின்னணுப் பின்னல் இயந்திரங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்து, கணினியோடு அவற்றை இணைக்கும் ‘ஏயாப்’ போன்ற திறந்த மூல முயற்சிகள் தோன்றியுள்ளன. மேலைநாட்டுப் படைப்பாய்வுக் கூடங்களில் அந்த இயந்திரம் கணிமைக் கருவி. அதன் முன் அமர்ந்தவர் ஆய்வாளர். இந்தியாவிலும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் பின்னலாடை வடிவமைப்பு ஒரு பட்டப்படிப்பு. அதை முடித்தவர் வடிவமைப்பாளர். அதே கண்ணியை, அதே வகுத்தலை, பயிற்சி மையத்தின் ‘சிலாயி–புனாயி’ வகுப்பில் கற்றவர் ‘பொழுதைப் பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசி’. வேறுபாடு அறிவில் இருப்பதாகச் சொல்ல முடியாது. சான்றிதழைத் தரும் நிறுவனத்திலும் அதைப் பெறுபவரின் பாலினத்திலும் வர்க்கத்திலும்தான் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. கையால் இழுக்கும் இயந்திரம் காலாவதியாகிவிட்டது. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-லேயே தையலின்றி முழு ஆடையையும் பின்னும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. லூதியானாவின் ஆலைகளிலும் கணினி இயக்கும் இயந்திரங்கள் நிறைந்துவிட்டன. அங்காடியில் விற்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரின் விலையோடு வீட்டு இயந்திரம் போட்டியிட இயலாது. அப்படியிருக்க, அதைக் கற்பிப்பது ஏழைப் பெண்களை முடிந்துபோன தொழிலில் கட்டிவைப்பதாகாதா?

இவ்வாதத்தின் முதற்பகுதியை மறுக்க வேண்டியதில்லை. வீட்டு இயந்திரம் ஆலையை வெல்லும் என்று ஆசைகாட்டும் பயிற்சித் திட்டங்கள் கற்பவரை ஏமாற்றுகின்றன. ஆனால் கணினி இயந்திரத்திலும் கண்ணி கண்ணிதான். எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது, நூலின் இழுவிசை எவ்வளவு, துவைத்தபின் துணி என்ன ஆகும் என்பவற்றை அறியாதவர் அதற்கு நிரல் எழுத முடியாது. கைக்கு நேரே ஒவ்வோர் ஊசியும் அசைவதைக் காட்டும் வீட்டு இயந்திரம் அந்த அறிவுக்கு மிகத் தெளிவான பள்ளி. அதைக் கற்ற பெண்ணுக்கு ஆலையின் வடிவமைப்புப் பிரிவுக்குச் செல்லும் வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. காலாவதியானது இயந்திரம் என்று சொல்லி, அதனோடு சேர்த்து அவளது அறிவையும் கழித்துவிடுகிறோம்.

சட்டத்தின் நிலையும் பாதிவழியில் நிற்கிறது. வீட்டுப் பணி குறித்த 177-ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றியது. 1972-இல் இலா பட் தோற்றுவித்த சேவா அமைப்பு அதற்காகப் பாடுபட்டவற்றுள் முன்வரிசையில் நின்றது. அந்த இயக்கம் பிறந்த நாடாகிய இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலிருந்து பணிபுரிபவர் யார் என்பதை வரையறுத்தது. கருவியையும் மூலப்பொருளையும் யார் தருகிறார் என்பது பொருட்டல்ல என்றும் தெளிவாக்கியது. வரையறை கிடைத்தது. ஆனால் ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை மணிநேரம் என்ற கணக்கு அதில் இல்லை. அக்கணக்கு இல்லாமல் குறைந்தபட்சக் கூலி என்பது வீட்டுப் பின்னலைப் பொறுத்தவரை வெறும் சொல்.

கல்வியின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1937-இன் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் வைத்து அதன் வழியே கணக்கையும் பிறவற்றையும் கற்பிக்க முனைந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள் புத்தகப்பையின்றிக் கைத்தொழிலாளரிடம் பயில்வதைப் பேசுகிறது. பத்து நாளில் ஒரு மாணவர் நழுவிய கண்ணியை ஏற்றப் பழகலாம். ஒரு ஸ்வெட்டரின் கணக்கைத் தாமே போடப் பழகுவது ஐயம். கைத்தொழிலை விருந்தினராக அழைத்துப் பத்து நாளில் வழியனுப்பும் பள்ளி, வகுத்தலும் விகிதமும் அங்கே உயிரோடு இருப்பதைக் காணாமலே போகும்.

ஆகவே ஆய்வாளர்கள் செய்யக்கூடிய முதற்பணி எளியது, அதே நேரத்தில் அடிப்படையானது. வீட்டுப் பின்னல் பற்றிய களஆய்வு வினாத்தாளில் ‘ஒரு நாளில் எத்தனை ஸ்வெட்டர்?’ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாதிரித் துண்டுக்கு எவ்வளவு நேரம், கணக்குக்கு எவ்வளவு, அவிழ்த்துப் பின்னியதற்கு எவ்வளவு, இணைப்பதற்கு எவ்வளவு, வீணான நூலின் விலையை யார் ஏற்றார், இயந்திரம் யாருக்குச் சொந்தம், கணக்கை யாரிடம் கற்றார் என்று தனித்தனியே கேட்க வேண்டும். அவ்விடைகளைக் கூட்டினால் ஒரு ஸ்வெட்டரின் உண்மையான மணிநேரம் எழுத்தில் வரும். கூலி பேசும் பெண்ணின் கையில் அந்த எண் இருக்கும்போது, ‘இயந்திரத்தில்தானே செய்தது’ என்று சொல்பவர் இருபது நிமிடத்தை மட்டும் காட்டித் தப்பிக்க இயலாது.