கடலோரத்துக்கு எந்த சிமென்ட்?

கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வழியாக மீமிசல் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தைக் கவனித்தால் போதும். காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரியும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்துவிடுகிறது. உப்புக் காற்றின் மேல் பழியைப் போட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். இந்த இதழில் அந்தப் பழியில் பொறியாளர்களான நம் பங்கைப் பேச விரும்புகிறேன்.

வீடு கட்டுபவர் முதலில் கேட்பது "53 கிரேடு தானே?" என்பதுதான். அந்த எண் 28 நாளில் சிமென்ட் காட்டும் அழுத்த வலிமையைச் சொல்கிறது. உப்பு உள்ளே இறங்க எத்தனை ஆண்டாகும் என்பதை அது சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்துளைகள். பி.பி.சி. என்னும் கலப்பு சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம். சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்பை இந்தச் சாம்பல் மெதுவாக, மாதக்கணக்கில், பிணைப்புப் பொருளாக மாற்றித் துளைகளை அடைக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.யில் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை போகலாம்; உப்பிலுள்ள குளோரைடைத் தடுப்பதில் அது இன்னும் கெட்டி. கடலோர வேலைக்கு என் முதல் தேர்வு பி.எஸ்.சி. அது கிடைக்காத ஊரில் பி.பி.சி.

கடல் என்றதும் சல்பேட் தாங்கும் சிமென்டை எழுதிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிட வேண்டும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 12330 அந்த சிமென்டில் டிரைகால்சியம் அலுமினேட்டை 5 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. சல்பேட் மிகுந்த மண்ணில் போடும் அஸ்திவாரத்துக்கு அது நல்லது. ஆனால் குளோரைடைப் பிடித்துக் கட்டிவைப்பதும் இதே அலுமினேட்தான். அது குறைந்தால் உப்புக்குக் கம்பி வரை தடையில்லாத வழி கிடைத்துவிடும்.

இதைவிட என்னை உறுத்துவது கான்கிரீட்டை நனைத்துவைக்கும் க்யூரிங். சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456, கலப்பு சிமென்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. கண்மாயை நம்பி வாழும் நம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் கட்டடம் எழும்புகிறது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதும், பீமின் பக்கவாட்டை ஈரமாக வைப்பதும் இரண்டு மூன்று நாளில் நின்றுபோகின்றன. ஈரம் போனால் வினையும் நின்றுவிடும். சாம்பல் வெறும் தூளாகவே தங்கிவிடும். முதலில் காய்வது மேற்பரப்பு. கம்பிக்குக் காவலாக நாம் விடும் கவர் இருப்பதும் அங்கேதான்.

இந்தச் சேதம் கடலோரத்தோடு முடிவதில்லை. உப்பே எட்டாத விராலிமலை, இலுப்பூர் பக்கம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதே வேலையைச் செய்கிறது. கலப்பு சிமென்டில் சுண்ணாம்பு இருப்பு குறைவு. க்யூரிங்கும் குறைந்தால் கார்பனேற்றம் விரைவில் கம்பியை எட்டும். பி.பி.சி. சரியில்லை என்று கொத்தனார்கள் குறைசொல்லும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை நாள் நனைத்தார்கள் என்பதுதான்.

கடலோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்நீர். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. எந்த உயர்ந்த சிமென்டைக் கொட்டினாலும் உவர்நீரில் கலந்தால், அதையே ஊற்றி நனைத்தால், உப்பை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 கடுமையான வகையில் சேர்த்து எம்30 கலவை, 0.45க்கு மேற்படாத நீர்-சிமென்ட் விகிதம், 45 மி.மீ. கவர் கேட்கிறது. கோட்டைப்பட்டினத்து வீட்டுக்கும் எம்20 என்றே எழுதிக் கையெழுத்திடுவது நாம்தான்.

பக்கத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மண்டபத்தில் அதன் அரிமான ஆய்வு நிலையம் கடற்காற்றில் உலோகம் அரிபடுவதை நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறது. பெரிய வேலைகளுக்கு முன் அவர்களைக் கலந்துபேசலாம். சின்ன வேலைகளுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மதிப்பீட்டில் க்யூரிங்கைத் தனி இனமாக எழுதுங்கள்: தண்ணீர் லாரி, சாக்கு, நனைக்கும் ஆள், 14 நாள் கூலி. தூணும் பீமும் அதில் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். அந்த நாட்கள் முடிந்ததைப் பார்த்த பிறகே அந்தப் பகுதிக்கான பில்லில் கையெழுத்திடுங்கள்.