பிஸ்கெட் சுடுங்கள்... மிட்டாயை மட்டும் எண்ணிப் போடுங்கள்!

சித்த வைத்தியர் பிஸ்கெட்டைப் பற்றி எழுதுகிறார் என்றதும் நீங்கள் எதை எதிர்பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 'அதெல்லாம் வேண்டாம், பிள்ளைக்கு எள்ளுருண்டை கொடுங்கள்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவேன் என்றுதானே? இல்லை. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை.

உங்கள் வீட்டில் ஒரு ஓவன் இருக்கிறது. பிள்ளை எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "அம்மா, பீநட் பட்டர் குக்கீஸ் செய்யலாமா? மேலே கலர் கலரா மிட்டாய் வெச்சு..." என்று நச்சரிக்கிறது. செய்யுங்கள். தாராளமாகச் செய்யுங்கள். என் கட்சி அதுதான். ஆனால் 'வீட்டில்தானே செய்தோம்' என்ற தைரியத்தில் கணக்கை மறந்துவிடாதீர்கள். கடையில் வாங்கினால் சர்க்கரை எவ்வளவு என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். வீட்டில் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால், கடை பிஸ்கெட்டுக்கும் வீட்டு பிஸ்கெட்டுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?

ஒரு டாக்டர் கொடுத்த பண்டம்

பீநட் பட்டர் என்றதும் ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். வறுத்த வேர்க்கடலையை அரைத்த விழுது, அவ்வளவுதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஆரோக்கிய நிலையம் நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், இறைச்சிக்குப் பதிலாக இப்படிப்பட்ட கொட்டை விழுதுகளைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1890-களில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிறகு 1916-ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற வேளாண் விஞ்ஞானி, வேர்க்கடலையை 105 விதமாகச் சமைக்கலாம் என்று ஒரு சிறு புத்தகமே போட்டார். வேர்க்கடலை போட்ட குக்கீஸும் அதில் உண்டு. மேலே மிட்டாய் பதிக்கும் பழக்கமெல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது.

ஆக, கடலை விழுது ஒரு வைத்தியர் கையிலிருந்து வந்த உணவு. மிட்டாய் வந்தது கடைக்காரர் கையிலிருந்து. இந்த இரண்டும் ஒரே பிஸ்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதுதான் நம் கேள்வி.

கடலை குற்றவாளி இல்லை

"டாக்டர், கடலை சாப்பிட்டா பித்தம்னு சொல்றாங்க... கொலஸ்ட்ரால் ஏறும்னும் சொல்றாங்களே?" என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது.

கொலஸ்ட்ரால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேர்க்கடலையில் கொலஸ்ட்ரால் கிடையாது. செடியில் விளைகிற எதிலும் அது பேசும்படியாக இருக்காது. 100 கிராம் கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. அந்தக் கொழுப்பிலும் பெரும்பகுதி இதயத்துக்குப் பகையில்லாத வகை.

பித்தம் என்பதை நான் மறுக்கமாட்டேன். செரிக்கக் கொஞ்சம் கனமான, பித்தத்தைக் கிளப்புகிற பண்டம் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதற்காக ஒதுக்கச் சொல்வதில்லை. துணை சேர்க்கச் சொல்வோம். கடலையோடு வெல்லமும் ஏலமும் சுக்கும் சேர்வது ருசிக்காக மட்டும் அல்ல. கோவில்பட்டி கடலை மிட்டாயில் ஏலமும் சுக்கும் மணக்கிறதே, அதே கூட்டணிதான். 2020-ல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கூட்டணியை பிஸ்கெட்டுக்குள் கொண்டுவர என்ன தடை?

மிட்டாய்க் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். பரவலாகப் புழங்கும் செய்முறை இது: ஒரு கப் பீநட் பட்டர், ஒரு கப் சர்க்கரை, ஒரு முட்டை. கலந்து, உருட்டி, தட்டிச் சுட்டால் தீர்ந்தது வேலை. ஒரு கப் சர்க்கரை என்பது சுமார் 200 கிராம். 24 பிஸ்கெட் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 8 கிராம். அதன் மேல் 100 கிராம் மிட்டாயைக் கொட்டுகிறீர்கள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஆக, ஒரு பிஸ்கெட்டுக்குக் குறைந்தது 10 கிராம். அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை!

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு என்ன? உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் பத்து சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. ஐந்து சதவிகிதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அந்த ஐந்து சதவிகிதம் நாளைக்குச் சுமார் 25 கிராம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. மாலையில் இரண்டு பிஸ்கெட், காலை பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை... அன்றைய கணக்கு தாண்டிவிட்டது. இன்னும் ஜூஸ், ஜாம், சாக்லேட் எதையும் நான் சேர்க்கவில்லை.

"அப்ப வெல்லம் போட்டுட்டா சுகர் ஏறாதில்லையா டாக்டர்?" ஏறும். சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறானே என்று கோபப்படாதீர்கள். வெல்லத்துக்கு மணம் உண்டு, குணம் உண்டு. ரத்தத்தில் போய்ச் சேரும்போது அதுவும் சர்க்கரையாகத்தான் சேருகிறது. வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா இருந்தால், 'நாட்டுச்சர்க்கரைதானே' என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தாதீர்கள்.

சரி, மிட்டாயின் கலர்? 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வு வெளிவந்தது. செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளில் சிலருக்குத் துறுதுறுப்பு கூடியதாக அதில் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய யூனியனில், டார்ட்ரசைன் உள்ளிட்ட ஆறு நிறங்களில் எது இருந்தாலும் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். மிட்டாய் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள்.

கரண்டி உங்கள் கையில்!

நான் சிபாரிசு செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலையை மிதமான தீயில் சிவக்க வறுத்து, ஆறவைத்து, தோலைத் தேய்த்துப் புடைத்துவிடுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகத் திரளும், அதன் பிறகு தன் எண்ணெயிலேயே குழைந்து விழுதாகும். தனியாக எண்ணெய் எதற்கு? கடையில் வாங்குவதானால், கடலையும் உப்பும் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் எண்ணெய் மேலே மிதந்தால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிளறிவிட்டால் போதும்.

ஒரு கப் விழுது, ஒரு கப் கோதுமை மாவு, 80 கிராம் நாட்டுச்சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை. முட்டை சேர்க்காத வீடுகளில் மூன்று மேசைக்கரண்டி பால். அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, கால் டீஸ்பூன் ஏலப்பொடி, கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து 24 உருண்டைகளாக உருட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்தித் தட்டையாக்குங்கள். 170 டிகிரியில் முன்னதாகவே சூடேற்றிய ஓவனில் 12 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும்; ஆற ஆற மொறுமொறுப்பு வரும். 'வேகலையோ' என்று இன்னும் பத்து நிமிடம் வைத்தால் அடி கருகிவிடும், ஜாக்கிரதை.

வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி வேண்டாம். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு நிஜமான எதிரி. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் அது இரண்டு சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வீட்டு பிஸ்கெட்டில் அந்த இரண்டும் எதற்கு?

இனி மிட்டாய். இரண்டு கடலை மிட்டாயைச் சப்பாத்திக் கட்டையால் தட்டிச் சிறு துண்டுகளாக்குங்கள். பிஸ்கெட்டை ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக மேலே பதியுங்கள். முன்னாலேயே பதித்துவிட்டால் வெல்லம் உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு பிஸ்கெட்டில் சர்க்கரை 4 கிராம் சொச்சம்தான், பாதிக்கும் குறைவு! ருசியில் குறை சொல்ல முடியாது.

"கலர் மிட்டாய்தான் வேணும்" என்று பிள்ளை அடம்பிடித்தால்? ஒரு பிஸ்கெட்டுக்கு ஒரு மிட்டாய். 24 பிஸ்கெட்டுக்கு 24. பிள்ளையையே எண்ணிப் பதிக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டைக் கவிழ்க்கிற வேலை மட்டும் கூடாது.

இந்த மூன்றில் அலட்சியம் வேண்டாம்

முதலாவது, பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர். கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் சுட்டாலும் முழுதாக அழியாது. எனவே சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். 'அரைச்சுட்டா தெரியாது' என்ற சிக்கனம் இங்கே ஆகாது.

இரண்டாவது, சின்னக் குழந்தைகள். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு முழுக் கடலை வேண்டாம், கெட்டியான மிட்டாய்த் துண்டும் வேண்டாம். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவர்களுக்கு மேலே எதுவும் பதிக்காத பிஸ்கெட்டைக் கொடுத்து, உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒவ்வாமை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை துளியும் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். அந்த நேரத்தில் கஷாயமோ கைவைத்தியமோ வேண்டாம். என்னைத் தேடியும் வர வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும்.

இதற்காக எல்லோரும் கடலையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே மென்மையான வடிவில் கடலையைப் பழக்கினால் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் நடந்த பெரிய ஆய்வு 2015-ல் காட்டியது. ஆனால் குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ, முட்டை ஒவ்வாமையோ இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

முக்கியமாக ஒன்று. வேர்க்கடலையைப் பார்த்தால் தெரியும், ஒவ்வாத பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும். பிஸ்கெட்டுக்குள் அரைபட்டுக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? பிறந்தநாளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புகிறீர்களா? டப்பாவின் மேல் 'இதில் வேர்க்கடலை இருக்கிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்பது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் ஆகாது என்று ஆகிவிடாதே!

எவ்வளவு, எப்போது?

நான் சொன்ன பிஸ்கெட் ஒன்றில் சுமார் 110 கலோரி. ஏறத்தாழ இரண்டு இட்லிக்குச் சமம். ஆகவே விளையாடி முடித்துப் பசியோடு வரும் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு, பெரியவர்களுக்கு ஒன்று. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். செரிக்காமல் நெஞ்சைக் கரிக்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். பல்லில் ஒட்டும் பண்டம் இது. தினமும் செய்ய வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அரிதாகக் கிடைத்தால்தான் பண்டத்துக்கு மதிப்பு.

ஓவனை வாங்கி அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். மாவை நீங்கள் பிசையுங்கள். சர்க்கரையை அளக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு பிஸ்கெட்டில் எத்தனை ஸ்பூன் போகிறது என்பதைத் தன் கையால் அளந்து பார்த்த பிள்ளை, நாளைக்குக் கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்காகவே நீங்கள் இதைச் செய்யலாம்.