முறுக்கியது சரி, அளந்தது யார்?

தொழிற்பயிற்சிக்காகச் செண்டாயான் பக்கமுள்ள ஒரு கனரக வாகனப் பட்டறையில் பத்து வாரம் இருந்தேன். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. எனக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பிக்குப் பத்தொன்பது வயது. எஸ்.பி.எம். முடித்த கையோடு வந்தவன். தினமும் தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போவான்.

ஒரு காலை, மூன்று வாரத்திற்கு முன் அவன் கை வைத்த லோரி கியர்பெட்டி இரைச்சலோடு திரும்பி வந்தது. எல்லார் முன்னிலையிலும் முதலாளி கேட்டார்: "போல்ட்ட ஒழுங்கா முறுக்கினியா?" "முறுக்கினேன் பாஸ்." அந்தப் பதிலை யாரும் நம்பவில்லை. அந்த மாதம் அவன் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. கியர்பெட்டியை இறக்கியபோது ஹவுசிங் போல்ட் ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

டீசல் இயந்திரத்தின் பின்பக்கம், கிராங் தண்டின் முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. அதுதான் பிளைவீல். அதைச் சுற்றி இயந்திரத்தோடு போல்ட் போட்டு மாட்டிய இரும்புக் கூடுதான் பிளைவீல் ஹவுசிங். வெறும் மூடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் கியர்பெட்டி முழுவதும் அந்தக் கூட்டில்தான் தொங்குகிறது. கூடு மையம் விலகி உட்கார்ந்தால் கியர்பெட்டியும் விலகித்தான் உட்காரும். கியர்பெட்டித் தண்டும் கிராங் தண்டும் ஒரே கோட்டில் இருக்காது. நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடும் இயந்திரத்தில், அந்தத் தண்டு நிமிடத்திற்கு 2,000 முறை பக்கவாட்டில் இழுபடும். முதலில் பிளைவீல் நடுவிலுள்ள சிறிய பேரிங் போகும். பிறகு கிளட்ச் தட்டின் நடுப்பகுதி, கியர்பெட்டியின் முன் பேரிங். சில வண்டிகளில் ஓடும்போதே கியர் தானாகக் கழன்றுவிடும்.

எவ்வளவு விலகினால் தவறு? கனரக லோரி கிளட்ச் பொருத்தும்போது பொதுவாகக் கேட்கப்படும் எல்லை, டயல் கேஜ் முள் ஒரு முழுச் சுற்றில் காட்டும் மொத்த வித்தியாசம் 0.20 மில்லிமீட்டர். அந்த வித்தியாசத்தில் பாதிதான் மையத்தின் விலகல். அதாவது 0.10 மில்லிமீட்டர், நாம் அச்சடிக்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் அளவு. அரை மீட்டர் அகலம் வரும் இரும்பு வளையத்தில் ஒரு தாள் தடிமன்! இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது.

அந்த லோரியில் முள் காட்டியது 0.52.

பட்டறையின் மூத்த போர்மேன் அங்கிள் அதைச் சரிசெய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்து வாரத்தில் நான் கற்றதில் பாதி அந்தப் பிற்பகலில் கற்றது. ஹவுசிங்கைக் கழற்றி, ஒட்டும் முகங்களில் காய்ந்திருந்த பெயின்ட், துரு, போல்ட் துளைகளைச் சுற்றி எழும்பியிருந்த பிசிறு எல்லாவற்றையும் சுரண்டினார். திரும்ப மாட்டி, நகரும் அளவுக்கு மட்டும் போல்ட்டுகளைப் பிடித்தார். டயல் கேஜைப் பிளைவீலில் நிறுத்தி, முள்ளை ஹவுசிங்கின் உள்வட்டத்தில் தொடவிட்டு, இயந்திரத்தைக் கையால் சுற்றினார். கடிகாரத்தின் 12, 3, 6, 9 என நான்கு இடங்களில் அளவு எடுத்தார். மென்மையான சுத்தியலால் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு டோர்க் ரெஞ்சால் எதிரெதிர் போல்ட்டாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக முறுக்கினார். முறுக்கி முடித்ததும் மறுபடி அளந்தார். முறுக்கும்போதே கூடு நகர்ந்துவிடுமாம். அடுத்து முன்முகத்தை அளந்தபோது, ஒவ்வொரு முறையும் கிராங் தண்டை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் சிறிது ஆட்டம் உண்டு, தள்ளாமல் எடுத்த அளவு பொய் சொல்லும்.

ஏன் விலகியது என்பதற்கும் விடை கிடைத்தது. அது வேறு வண்டியிலிருந்து வாங்கிப் போட்ட பழைய ஹவுசிங். கூட்டின் இடத்தை நிலைநிறுத்த டோவல் பின் என்று இரண்டு உருளை ஊசிகள் இருக்க வேண்டும். அவை இல்லவே இல்லை. தம்பி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "பின் உள்ள போகல அக்கா. விட்டுடு, போல்ட்டு புடிச்சிக்கும்னு சொன்னாங்க." சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மையம் பார்த்த பிறகு துளைகளைப் பெரிதாகச் சீவி, அடுத்த அளவு பின் போடுவதுதான் முறை. அங்கிள் அதைத்தான் செய்தார்.

போல்ட்டின் வேலை, கூடு இருக்கும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிப்பது. தப்பான இடத்தில் இருந்தால் தப்பான இடத்திலேயே இறுக்கிப் பிடிக்கும். முறுக்குவதும் நேர்ப்படுத்துவதும் இரண்டு வேலைகள். அந்தத் தம்பிக்கு முதலாவதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டாவதற்கு அவனிடம் தண்டம் வாங்கினார்கள்.

என்னை மட்டும் உயர்த்திக்கொள்ளவும் முடியாது. டயல் கேஜ் பற்றித் தேர்வில் நல்ல புள்ளி வாங்கியவள் நான். பளபளப்பான தண்டு ஒன்றை மேசைமேல் சுழற்றி அளந்ததோடு எங்கள் ஆய்வுக்கூட வகுப்பு முடிந்தது. எண்ணெய் வழியும் இயந்திரத்தில் அந்தக் கருவியை எங்கே நிறுத்துவது என்று அங்கிள் கேட்டபோது விழித்தேன்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஹவுசிங் கழற்றிய ஒவ்வொரு வண்டியின் வேலை அட்டையிலும் உள்வட்டத்திற்கு நான்கு, முகத்திற்கு நான்கு என்று எட்டு எண்கள் எழுதப்பட வேண்டும். அளந்தவர் பெயரும் வேண்டும். நேரமில்லை, லோரி நின்றால் நட்டம் என்பார்கள். நட்டம் உண்மைதான். ஆனால் கியர்பெட்டியை இறக்கி ஏற்றுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது, அளப்பதற்கு அல்ல. அந்த லோரிக்கு அதை இரண்டு முறை இறக்கினோம்.

அந்த எட்டு எண்களால் பயிற்சியாளருக்கு இன்னொரு பயன் உண்டு. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. வகுப்பறைக்குப் போகாமலேயே, வேலை அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டி அதைப் பெறும் வழியும் இருக்கிறது. "அங்கே வேலை செய்தேன்" என்று சொல்வதைவிட, தன் பெயரும் அளவுகளும் பதிந்த அட்டைகளின் நகல்கள் எவ்வளவு வலுவான ஆதாரம்! ஹினோ லோரித் தொழிற்சாலை செண்டாயான் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகள் கை கறுக்க உழைத்தும், அத்தகைய வாசல்களில் காட்டக் கையில் ஒரு தாளும் இல்லாமல் நிற்கிறார்கள்.

என் தாத்தா தோட்டத்து இஞ்சின் கூடத்தில் வேலை பார்த்தவர். லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் விளக்கெரிந்த காலம். இயந்திரத்தின்மேல் ஸ்குரூடிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கோளாறு சொல்வாராம். இதைப் பெருமையாகப் பேசாத உறவினர் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அவர் கண்டுபிடித்தது எதுவும் எங்கும் எழுதப்படவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் ஆவணத்தில் "தொழிலாளி" மட்டும்தான்.

பயிற்சியின் கடைசி வாரம் தம்பியே ஒரு ஹவுசிங்கை மாட்டி அளந்தான். முள் காட்டிய வித்தியாசம் 0.14. அட்டையில் அதற்கென்று இடம் இல்லாததால் பின்பக்கத்தில் எழுதி, தன் பெயரையும் தேதியையும் போட்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டான். பிடித்த சம்பளம் இன்னும் திரும்பி வரவில்லை.