கரையில் நிற்பவர்களின் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. பெங்களூரின் பெரும்பகுதி இன்னும் போர்வைக்குள் இருக்கிறது. 50 மீட்டர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், அட்டையில் செருகிய தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே தடத்தில் நான்கு பேர் நீந்துகிறார்கள்: சிவப்புத் தொப்பி, மஞ்சள், நீலம், வெள்ளை. யாராவது ஒருவர் வந்து சுவரைத் தொட்டதும் அவருடைய நிறத்துக்கு எதிரே ஒரு கோடு. பால்காரர் கணக்கு வைக்கும் முறைதான்.

இந்த ஊரில் நடக்கும் உள்ளூர் டிரையத்லான் போட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது, கடிகாரமும் நிற்காது. 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறும்போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் இரு மடங்கு.

750 மீட்டர் என்றால் குளத்தின் நீளத்தை 15 முறை கடக்க வேண்டும். புறப்பட்ட கரைக்கு எதிர்க்கரையில் ஏறுவார்கள். அங்கே நாற்காலி போட்டிருப்பவருக்கு ஓர் ஆளுக்கு எட்டுக் கோடு. கேட்க எளிது. ஆனால் நான்கு தொப்பிகள் நான்கு வேகத்தில் வந்து போகும்போது, கைபேசி ஒரு முறை ஒலித்தால் போதும். ஒரு கோடு தவறிவிடும். ஏழு கோட்டை எட்டு என்றால் ஒருவர் 100 மீட்டர் நீந்தாமலே சைக்கிளுக்கு ஓடுவார். எட்டை ஏழு என்றால் இன்னொருவர் மூச்சு வாங்க 100 மீட்டர் வீணாக நீந்துவார். நீந்துபவரும் எண்ணுவார்தான். ஆனால் ஆறாவது திருப்பத்துக்குப் பிறகு ஐந்தா ஏழா என்று மனம் குழம்புவது சகஜம். வாக்குவாதம் வந்தால் தாளில் உள்ள கோடுதான் சாட்சி. மாதக்கணக்கில் பயிற்சி செய்தவரின் முடிவு, ஒரு நாள் பயிற்சி மட்டுமே பெற்றவரின் பென்சில் முனையில் இருக்கிறது.

திறந்த நீரில் நீந்தினால் இந்தச் சிக்கல் இல்லை. மிதவையைச் சுற்றி வந்தால் தூரம் சரி. ஆனால் பெங்களூரில் திறந்த நீர் எங்கே? ஏரிகளை வெட்டி வளர்ந்த ஊர் இது. ஆனால் பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலை வரை பறந்தது. 2017-லும் 2018-லும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. தமிழர்கள் நிறைந்த அல்சூரின் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. மீன் பிழைக்காத நீரில் மனிதரை இறக்க யாருக்கும் துணிவு வராது. எனவே குளோரின் மணக்கும் குளம், அதன் கரையில் ஒரு பென்சில். கடலில் நீந்த விரும்புவோர் கோவாவுக்குப் போகிறார்கள். அங்கே 2019 முதல் நடக்கும் 'அயர்ன்மேன் 70.3' போட்டியில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். பெங்களூர் தெற்குத் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2024 அக்டோபரில் அதை எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்தபோது பிரதமரே பாராட்டினார். ஓடி முடித்தவர் செய்தியானார். அன்று கரையில் நின்றவர்கள் செய்தியாகவில்லை. அது வழக்கமும் இல்லை.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1974 செப்டம்பர் 25 அன்று 46 பேருடன் தொடங்கியது. 1978 பிப்ரவரியில் ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். அன்று தண்ணீர்ப் பந்தலும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. அவரவர் ஆட்களை அவரவரே அழைத்து வர வேண்டியிருந்தது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்து ஓடவைத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் இடம்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீரர்களின் வேகம் கூடியது எல்லோருக்கும் தெரியும். சொந்த ஆட்களின் இடத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து நின்றதும் அதற்குச் சமமான மாற்றம்தான்.

முன்பின் தெரியாத இவர்களை நம்பித்தான் உயிரும் இருக்கிறது. அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான மருத்துவ ஆய்வின்படி, சுமார் 9.6 லட்சம் பங்கேற்பாளர்களில் 14 பேர் இறந்தனர். அவர்களில் 13 பேருக்கு மரணம் நேர்ந்தது நீச்சலின்போது. எண்ணிக்கை சிறியது, ஆனால் எங்கே கண் வைக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது. மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அடங்கிவிடுகிறார். குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பார். ஆனால் 'நீலத் தொப்பி இன்னும் திரும்பி வரவில்லையே' என்று முதலில் உணரக்கூடியவர் கோடு போடுகிறவர்தான்.

நீரிலிருந்து ஏறியதும் அடுத்த காவல். வரிசையாக சைக்கிள்கள் தொங்கும் இடத்தில் நிற்கும் தொண்டருக்கு ஒரே வேலை: ஹெல்மெட்டின் வார் பூட்டப்பட்ட பிறகே சைக்கிளில் கை வைக்க வேண்டும் என்ற விதியைக் காப்பது. வீரருக்கு அவசரம், கை ஈரம், வார் பூட்டவில்லை. தொண்டருக்கு வயது இருபது. எதிரே நிற்பவர் ஒருவேளை பெரிய கம்பெனியின் துணைத் தலைவர். 'சார், ஹெல்மெட்' என்று அவரை நிறுத்த வேண்டும். அலுவலகத்தில் அந்தப் பையன் அவர் அறைக்குள்ளேயே போக முடியாது. இங்கே அவர் நிற்கிறார், வாரைப் பூட்டுகிறார், 'தேங்க்ஸ்' என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்.

குளத்தைத் தாண்டினால் பெங்களூர். இந்த ஊருக்கு ஒரு மந்திரம் உண்டு: 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.' கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று பொருள். பஸ் இருக்கையில் மூன்றாவது ஆளாக உட்காருவதிலிருந்து வாடகை வீட்டுத் தகராறு வரை எல்லாவற்றுக்கும் இதுவே தீர்வு. சைக்கிள் பாதையின் சந்திப்பில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நிற்கும் தொண்டர் அந்தக் காலையில் இதை நூறு முறையாவது சொல்லியிருப்பார். கன்னடத்தில் சொல்லி, தமிழில் கெஞ்சி, இந்தியில் சமாளிப்பார். பால் வண்டிக்காரர் அனுசரிப்பார். கோயிலுக்குப் போகும் அம்மா அனுசரிப்பார். விமானத்தைப் பிடிக்க வேண்டிய கார்க்காரர்தான் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. சாலை அவருக்கும் சொந்தம். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் போலீசாருக்குத்தான். தொண்டருக்கு இருப்பது வாய்ச்சொல் மட்டும்.

அந்த ஓர் ஆள் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் தவறான பக்கம் கை காட்டினால் என்ன ஆகும்? இதே ஊர் 2015 அக்டோபரில் அதைப் பார்த்தது. பெங்களூர் மாரத்தானில் முன்னணியில் ஓடிய வீரர்கள் தங்களுக்கு வழிகாட்டிச் சென்ற வாகனத்தை நம்பித் தவறான பாதையில் போய்விட்டனர். வெற்றி பெற வேண்டியவர்கள் பாதை தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள். வெளிநாட்டிலும் இது நடக்கிறது. 2013-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நடந்த மாரத்தானில் முதலில் வந்தவர் மட்டுமே முழுத் தூரம் ஓடினார். இரண்டாவது ஆள் வழி தவற, பின்னால் வந்த சுமார் 5,000 பேரும் அவரைத் தொடர்ந்து 264 மீட்டர் குறைவாக ஓடி முடித்தார்கள். 2017-ல் வெனிஸ் மாரத்தானில் முன்னணி வீரர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து திசை மாறினார்கள். சந்தியில் நிற்பவர் சரியாக நின்றால் அவரை யாரும் கவனிப்பதில்லை. தவறினால் மறுநாள் பத்திரிகையில் வருகிறது.

அடுத்தது தண்ணீர். தமிழருக்கு இது புதிதல்ல. திங்களூர் அப்பூதி அடிகள், தான் நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. முகம் தெரியாத ஒருவருக்காகக் கோப்பையை நீட்டுவது நமக்குப் பழகிய அறம். ஆனால் பந்தயப் பாதையில் அந்த அறத்துக்கும் அளவு வேண்டியிருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு, அவர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்ததைக் கண்டது. தேவைக்கு மேல் நீர் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். 'இன்னும் கொஞ்சம் குடிங்க' என்று வீட்டு விருந்தாளியை உபசரிப்பதுபோல் ஓடுபவரை உபசரிக்கக் கூடாது. கேட்டால் கொடுக்க வேண்டும். தள்ளாடினால், பேச்சு குழறினால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடினமான பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது: எப்போது உதவக் கூடாது என்பது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்கினுள் முதலாவதாக நுழைந்தார். பலமுறை சரிந்து விழுந்தார். மனம் பொறுக்காத அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள். எல்லைக் கோட்டை முதலில் கடந்தவரும் அவரே. ஆனால் பிறர் கைபட்டதால் தகுதி நீக்கப்பட்டார். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. இரக்கப்பட்ட கைகள்தான் அவரது பதக்கத்தைப் பறித்தன. 2016 செப்டம்பரில் மெக்ஸிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானில், முன்னணியில் இருந்த ஜானி பிரவுன்லீ முடிவுக்குச் சில நூறு மீட்டர் முன்பு நிலைகுலைந்தார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தன் வெற்றியை விட்டுவிட்டு, தம்பியைத் தோளில் தாங்கி வந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். உலகமே நெகிழ்ந்தது. ஆனால் சர்வதேச அமைப்பு பிறகு விதியை மாற்றியது: ஒரு வீரர் மற்றவரை உடல் பலத்தால் முன்னோக்கி நகர்த்தக் கூடாது.

தொண்டருக்கும் இதே கட்டுப்பாடுதான். கடைசி நூறு மீட்டரில் ஒருவர் தள்ளாடும்போது கை தானாகவே நீள்கிறது. நீட்டினால் அவருடைய ஆறு மாத உழைப்பு வீண். நீட்டாவிட்டால் ஒருவேளை உயிருக்கே ஆபத்து. எது களைப்பு, எது ஆபத்து என்பதை ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் பதக்கம் போனாலும் பரவாயில்லை, ஆளைத் தாங்க வேண்டும். சந்தியில் செல்லுபடியாகும் 'அட்ஜஸ்ட்' இங்கே செல்லாது. சாலையில் வளைந்துகொடுக்கத் தெரிந்த அதே ஆள் குளக்கரையிலும் எல்லைக் கோட்டிலும் வளையாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எதற்காக? ஒரு டி-ஷர்ட், ஒரு சான்றிதழ், இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அயர்ன்மேன் நிறுவனத்தைச் சீனாவின் வாண்டா குழுமம் 2015-ல் 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் அது அமெரிக்காவின் அட்வான்ஸ் நிறுவனத்துக்கு 73 கோடி டாலருக்குக் கைமாறியது. இத்தனை பணம் புரளும் விளையாட்டில் சம்பளமில்லாத உழைப்பு எதற்கு? உள்ளூர் கிளப் நடத்தும் சிறு போட்டிக்கு இந்தக் கேள்வி பொருந்தாமல் போகலாம். அங்கே நுழைவுக் கட்டணம் குளத்து வாடகைக்கும் ஆம்புலன்சுக்குமே போதாது. ஆனால் விளம்பரப் பலகைகள் நிறைந்த பெரிய போட்டிகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தொண்டர்களுக்குக் குறைந்தபட்சம் முறையான பயிற்சி, நிழல், சாப்பாடு, காப்பீடு வேண்டும். நான்கு மணி நேரம் சந்தியில் நிற்பவரை இயற்கை அழைப்புக்கு மாற்றிவிட ஓர் ஆளாவது வேண்டும். வருகைப் பதிவுக்காகக் கல்லூரியிலிருந்து வேனில் ஏற்றி வரப்படும் மாணவர்களைத் தன்னார்வலர் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

'தொண்டர்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி தெரிந்ததுதான். அடியார்களைக் குறித்த சொல், அரசியல் கட்சிகளின் சுவரொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் 'தன்னார்வலர்' என்று புதிதாக ஒன்று தேவைப்பட்டது. ஆனால் பழைய சொல்லின் பொருள் இந்த வேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டி முடிந்த பிறகு சாலையில் கிடக்கும் காகிதக் கோப்பைகளைக் குனிந்து பொறுக்குகிறவரைப் பார்க்கும்போது, கோயில் முற்றத்தில் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிய அப்பர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

வெயில் ஏறிவிட்டது. வெற்றி பெற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு மசால் தோசைக்குப் போய்விட்டார்கள். கால அவகாசம் முடியச் சில நிமிடங்களே இருக்க, ஓடவும் முடியாமல் நடக்கவும் மனமில்லாமல் கடைசி ஆள் வருகிறார். காலையில் குளக்கரையில் கோடு போட்டவர் இப்போது பதக்கங்களைக் கையில் தொங்கவிட்டபடி எல்லைக் கோட்டில் நிற்கிறார். கடைசியாக வருபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தலையில் அணிந்திருந்த நீலத் தொப்பி ஞாபகம் இருக்கிறது. எட்டுக் கோடுகளையும் சரியாகப் போட்டோம் என்பதும் தெரியும். பதக்கத்தைக் கழுத்தில் போடுகிறார். கைகளை அவர் நீட்டுவது எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான்.