பாதி குடுத்தா எல்விஸ் பாடுவார்

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ யாரோட பாட்டுன்னு கேட்டா, நம்ம ஹாஸ்டல்ல முக்கால்வாசி பேர் விட்னி ஹூஸ்டன்னுதான் சொல்வாங்க. மீதி பேர் அந்த உச்சத்துக்குப் போற இடத்தை மட்டும் கத்திக் காட்டுவாங்க. உலகமே கேட்ட அந்தக் குரல் விட்னியோடதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாட்டு டாலி பார்ட்டனோடது. பாடினவர் வேற, பாட்டுக்குச் சொந்தக்காரர் வேற. பிளேஸ்மென்ட் சீசன்ல நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து போடத் தயாரா இருக்கிற நாம, இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்னு கவனிக்கணும்.

1967ல போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி இசைப் பிரபலத்தோட டிவி நிகழ்ச்சியில டாலி சேர்ந்தாங்க. அப்ப அவங்களுக்கு வயசு 21. அதாவது நம்ம வயசு. அந்த நிகழ்ச்சிதான் அவங்களை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. சில வருஷம் கழிச்சு, தனியாப் போகணும்னு அவங்களுக்குத் தோணுது. போர்ட்டருக்கு விட மனசில்ல. பேசிப் பார்த்தும் வாக்குவாதம்தான் மிச்சம். அதனால 1973ல இந்தப் பாட்டை எழுதி, அவர் முன்னாடியே பாடிக் காட்டினாங்க. காதலர் தினத்துக்கு இதை ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க கவனத்துக்கு: இது காதலனுக்கு எழுதினதே இல்ல, ஒரு வகையில ரெசிக்னேஷன் லெட்டர்! 1974ல சிங்கிளா வெளிவந்து, பில்போர்டு கன்ட்ரி பட்டியல்ல முதலிடம் பிடிச்சது.

அதுக்கப்புறம் எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியல. ரெக்கார்டிங் நெருங்குற நேரத்துல எல்விஸோட மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டார். எல்விஸ் பாடணும்னா பப்ளிஷிங் உரிமையில பாதி எங்களுக்கு வேணும். டாலி ‘நோ’ சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுததாப் பின்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க.

பப்ளிஷிங்னா என்ன? ஒரு பாட்டுல ரெண்டு தனித்தனி உரிமை இருக்கு. வரியும் மெட்டும் ஒண்ணு, ஒருத்தர் பாடிப் பதிவு பண்ண ரெக்கார்டிங் இன்னொண்ணு. நம்ம பாஷையில, முதலாவது சோர்ஸ் கோட், ரெண்டாவது அதை வெச்சு ஒருத்தர் கட்டின ஆப். எத்தனை பேர் எத்தனை ஆப் கட்டினாலும் சோர்ஸ் கோடுக்கு உரியவருக்குப் பங்கு போய்க்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல சாதாரண ரேடியோவுல பாட்டு ஒலிக்கும்போது, எழுதினவருக்கும் பப்ளிஷருக்கும்தான் காசு. பாடினவருக்குக் கிடையாது. டாலி தன் தாய்மாமாவோட சேர்ந்து சொந்தமாவே ஒரு பப்ளிஷிங் கம்பெனி வெச்சிருந்தவங்க. கர்னல் கேட்டது எதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

இங்க உங்களுக்கு ஒரு கேள்வி வரும். சின்னத் தொகையில முழுசா வாங்குறதை விட, எல்விஸ் மூலமா வர்ற பெரிய தொகையில பாதி மேல் இல்லையா? கணக்கு சரிதான், ஆனா அது எல்விஸ் என்ற ஒரே ஒருத்தருக்கான கணக்கு. எல்விஸ் பாடப்போறது ஒரு தடவை. உரிமையில குடுத்த பாதியோ, அவருக்குப் பிறகு வேற யார் பாடினாலும் போய்க்கிட்டேதான் இருக்கும். கிடைக்கிறது ஒரு தடவை, இழக்கிறது ஒவ்வொரு தடவையும். டாலி அழுதாலும் விட்டுக்கொடுக்காததுக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்ல.

1992ல ‘தி பாடிகார்ட்’ படம். அதுக்கு முதல்ல யோசிச்ச பாட்டு இன்னொரு படத்துல வந்துட்டதால, ஹீரோ கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். டேவிட் ஃபாஸ்டர் புதுசா இசையமைப்பை மாத்தினார். ஆரம்பத்துல இசையே இல்லாம வெறும் குரல். அமெரிக்கப் பட்டியல்ல 14 வாரம் முதலிடம், அன்னைக்கு அது சாதனை. விட்னியோட குரல் இல்லாம இது நடந்திருக்காது. டாலியோட ‘நோ’ இல்லாம, அதுல வந்த பப்ளிஷிங் காசு முழுசா அவங்க கைக்கு வந்திருக்காது.

ஆனா, ‘அதான் கடைசியில கோடி கோடியா வந்துச்சே’ன்னு இந்தக் கதையை முடிக்கிறதுல எனக்கு உடன்பாடில்ல. ‘நோ’ சொன்ன அன்னைக்கு 1992 அவங்களுக்குத் தெரியாது. விட்னி வராமலே போயிருந்தாலும் அந்த முடிவு சரிதான். இன்னொண்ணும் ஒத்துக்கணும். அவங்க கையில ஏற்கனவே ஒரு ஹிட் இருந்தது, சொந்தக் கம்பெனி இருந்தது. கல்விக் கடனோட நிக்கிற ஒரு ஃப்ரெஷருக்கு ‘நோ’ சொல்றது அவ்வளவு சுலபமில்ல. அதனால ‘டாலி மாதிரி இருங்க’ன்னு நான் அட்வைஸ் பண்ண வரல.

நான் கேட்கிறது அதைவிடச் சின்ன விஷயம். என்ன கேட்கிறாங்கன்னாவது தெரிஞ்சுக்கோங்க. ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் லேப்டாப்ல எழுதுற கோட் கம்பெனிக்குச் சொந்தம், சரி, அதுக்குத்தான் சம்பளம். சில அக்ரிமென்ட் அதோட நிக்காம, ராத்திரி ரூம்ல உட்கார்ந்து நீங்க சொந்தமா எழுதுறதையும் சேர்த்துக் கேட்கும். சில ஹேக்கத்தான் விதிமுறையில, தோத்தாலும் ஐடியா நடத்துறவங்களுக்கேன்னு ஒரு வரி இருக்கும். கீழ ‘ஐ அக்ரீ’ பட்டன்.

அடுத்து ஆஃபர் லெட்டர் வந்தா சம்பளம் போட்ட பக்கத்தோட நிறுத்தாதீங்க. யாருக்கு எது சொந்தம்னு எழுதியிருக்கிற பக்கத்தையும் புரட்டுங்க. இது ஒரு தடவைக்கா, எப்பவுமேவான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேளுங்க. கேட்டதுக்காக வேலை போகாது. பதில் பார்த்த பிறகும் கையெழுத்து போட வேண்டியிருந்தா போடுங்க. எதைக் குடுக்கிறோம்னு தெரிஞ்சு போடுங்க, அவ்வளவுதான்.