மூக்கை உடைத்தவரின் மூளை

1986 பிப்ரவரி. ஜமைக்காவின் சபைனா பார்க் மைதானத்தில் ஒருநாள் போட்டி. இங்கிலாந்தின் மைக் கேட்டிங் முகத்துக்கு எந்த மறைப்பும் இல்லாமல் நின்று, உயரமாக வந்த பந்தை அடிக்கப் போனார். பந்து மட்டைக்குச் சிக்காமல் நேரே மூக்கில் இடித்தது. அதோடு விட்டதா? உருண்டு போய் ஸ்டம்பையும் சாய்த்தது. மூக்கும் போய் விக்கெட்டும் போய் அவர் வெளியேற, பந்தை எடுத்துப் பார்த்தவர்கள் அதில் எலும்புத் துணுக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள் என்று சொல்வார்கள்.

பந்து போட்டவர் மால்கம் மார்ஷல். பார்படோஸ்காரர்.

மார்ஷல் என்றாலே எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. மூக்கை உடைப்பதற்கு வேகம் இருந்தால் போதும். மார்ஷலிடம் இருந்தது அதைவிடப் பெரிய சமாச்சாரம்.

முதலில் அவர் உயரத்தைப் பாருங்கள். கூடவே பந்து வீசிய ஜோயல் கார்னர் ஆறடி எட்டு அங்குலம். மார்ஷலோ ஆறடியைக்கூடத் தொடவில்லை. உயரமானவர்கள் போட்டால் பந்து குத்தி நெஞ்சுக்கு எழும். இவர் போட்டால் தரையில் வழுக்கிக்கொண்டு, நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்து சேரும். ஓடிவந்து நின்று மூச்சு வாங்கிப் போடும் ஆளும் இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே கையைச் சுழற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அவருடைய முதல் டெஸ்ட் நம் நாட்டில்தான், 1978 டிசம்பரில் பெங்களூரில். பெரிய தலைகள் எல்லாம் கெர்ரி பேக்கரின் போட்டிகளுக்குப் போய்விட்டதால், முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்று ஆடியிருந்த 20 வயதுப் பையனை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று டெஸ்டில் கிடைத்தது 3 விக்கெட். போதாக்குறைக்கு, தன்னை அவுட்டாக்க திலீப் வெங்சர்க்கார் கத்திக் கேட்டது பிடிக்காமல், அந்தக் கோபத்தை வருஷக்கணக்கில் வைத்திருந்தார்.

ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். நடுவில் 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்து முடிந்திருந்தது. லார்ட்ஸில் மொகிந்தர் அமர்நாத் பந்தில் கவாஸ்கரிடம் கேட்ச் கொடுத்து வெளியேறியவர் மார்ஷல். கோப்பை கைநழுவிய சூடு ஆறாத அணி அது. கான்பூர் டெஸ்டில் மார்ஷல் போட்ட பந்து பட்டு கவாஸ்கரின் மட்டையே கையைவிட்டுத் திருகிக்கொண்டு விழுந்தது. பந்து கேட்ச் ஆனது. அந்தத் தொடரின் ஆறு டெஸ்டில் மார்ஷலுக்கு 33 விக்கெட். மூன்று விக்கெட்டோடு ஊர் திரும்பிய அதே பையன்தான்!

கடைசி டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்தில். கவாஸ்கர் தொடக்க ஆட்டம் வேண்டாம் என்று நான்காவதாக இறங்க முடிவு செய்தார். மார்ஷல் விடுவாரா? கெய்க்வாட் பூஜ்யம். அடுத்து வந்த வெங்சர்க்காரும் பூஜ்யம். ஸ்கோர் போர்டில் ரன்னே ஏறாத நிலையில் கவாஸ்கர் உள்ளே வர வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கவாஸ்கர் சளைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதங்களைத் தாண்டிய 30வது சதம் அது. அப்படி ஒரு பந்துவீச்சுக்கு எதிரே எடுத்ததால்தான் அந்த 236க்கு இன்றும் அவ்வளவு மதிப்பு.

ஆனால் மார்ஷல் யார் என்று தெரிய வேண்டுமானால் 1984இல் லீட்ஸில் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாளே ஃபீல்டிங்கில் இடது கட்டைவிரல் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தபோது லாரி கோம்ஸ் சதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையோடு மார்ஷல் இறங்கினார். ஒற்றைக் கையால் மட்டையைப் பிடித்து ஒரு பவுண்டரியும் அடித்தார். கோம்ஸ் சதத்தை முடித்தார்.

அத்தோடு ஓய்வெடுக்கப் போயிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதே கட்டோடு பந்து வீச வந்தார். வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஸ்விங்கை நம்பினார். 53 ரன்னுக்கு 7 விக்கெட். தன் பந்திலேயே ஒற்றைக் கையால் ஒரு கேட்ச் வேறு.

வேகம் குறைந்த நாளிலும் ஏழு பேரை அவுட்டாக்க முடிந்தது என்றால், அத்தனை நாளும் பேட்ஸ்மேன்கள் பயந்தது வேகத்துக்கு மட்டும்தானா?

கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. எதிரணி டென்னிஸ் லில்லியிடமிருந்து லெக் கட்டரைப் பிடித்துக்கொண்டார். வலது கை ஆட்டக்காரரின் காலருகே குத்தி வெளியே போகும் பந்து அது. 1988இல் மான்செஸ்டர் ஆடுகளம் மெதுவாக இருந்தது, வேகப்பந்துக்கு ஆகாது என்றார்கள். அங்கே 22 ரன்னுக்கு 7 விக்கெட். அந்தத் தொடரில் மொத்தம் 35.

81 டெஸ்ட், 376 விக்கெட், சராசரி 20.94. டெஸ்டில் 200 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் இதைவிடக் குறைந்த சராசரி வெகுகாலம் யாருக்கும் இல்லை. 2024 டிசம்பரில் மெல்போர்னில் நம்ம பும்ரா 200வது விக்கெட் எடுத்தபோதுதான் அந்த இடம் கை மாறியது. பும்ராவும் வேகத்தோடு மூளையையும் கொண்டுவரும் ஆள் என்பதால், மார்ஷல் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார் என்றே தோன்றுகிறது.

கற்றதைப் பூட்டி வைக்கவும் இல்லை அவர். கடைசிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நடால் அணிக்கு ஆடியபோது, அங்கிருந்த ஷான் பொல்லாக் என்ற இளைஞருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். அந்த இளைஞர் பிற்பாடு எடுத்தது 421 டெஸ்ட் விக்கெட். ஆசானைவிட 45 அதிகம்.

1999 உலகக் கோப்பைக்கு மேற்கிந்தியத் தீவுகளின் பயிற்சியாளராக இங்கிலாந்து போனார். அங்கேதான் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி போய்விட்டார். வயது 41தான்.

பார்படோஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் ஒரு முனைக்கு கார்னர் பெயர், எதிர்முனைக்கு மார்ஷல் பெயர். அங்கே யார் மட்டை பிடித்தாலும் ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் மால்கம் மார்ஷல் முனையிலிருந்துதான் பந்து வருகிறது.