உரமும் உரிமையும்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுது. விடுதி அறையில் நண்பர்கள் நால்வர் கூடி, கைப்பேசியில் பழைய மிதிவண்டிப் பந்தயம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தோம். 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் நடந்தது. இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம். காவியா என்னும் கணவாய். உயரம் 2600 மீட்டருக்கு மேல். பனி கொட்டுகிறது; மண்சாலை சேறாகிவிட்டது. அந்தச் சேற்றில் மனிதர்கள் மிதிக்கிறார்கள், மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள்! "இவர்களல்லவா மனிதர்கள்! நாமும் இருக்கிறோமே!" என்றான் ஒரு தோழன். ஆமாம் என்றோம் அனைவரும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவு, நான் பிறந்த கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது.

என் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் உழைத்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தித்தான் மனிதரை அங்கே வேலை செய்யவைக்க முடிந்தது. காவியாவில் வீரன் மலையேறினான். தங்கவயலில் தொழிலாளி பூமிக்குள் இறங்கினான். ஒருவனுக்குப் பகை குளிர், மற்றவனுக்குப் பகை வெப்பம். ஆனால் இருவரையும் வாட்டியது ஒன்றே: வியர்வை!

வியப்பாக இருக்கிறதா? மலையேறும்போது வியர்த்து நனைந்த வீரன், மறுபுறம் விரைந்து இறங்குகிறான். ஈர உடையின் மீது பனிக்காற்று மோதி, உடலின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. விரல் மரத்துப்போகிறது, தடையைப் பிடிக்கவும் இயலவில்லை. சுரங்கத்திலோ காற்றே ஈரமாய்ப் புழுங்குவதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் சூடு உள்ளேயே தேங்குகிறது. உரத்தில் யார் குறைந்தவர்? யாருமில்லை.

பின் வேறுபாடு எங்கே? அதைத்தான் சொல்ல வந்தேன்.

காவியாவின் உச்சியை முதலில் கடந்தவர் வான் டெர் வெல்டே என்ற ஹாலந்து நாட்டு வீரர். அரைக்கைச் சட்டையோடு ஏறியவர், இறங்கும் வழியில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டார். ஒதுங்கி, உடல் சூடேறிய பின்னரே தொடர்ந்தார். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தினார், உயிரோடு வந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினரோ, முன்கூட்டியே பனிச்சறுக்குக் கையுறைகளையும் கம்பளி உடைகளையும் வாங்கி வைத்திருந்தனர். அன்று தலைமை பெற்ற ஹாம்ப்ஸ்டனே இறுதியில் அந்த முழுப் பந்தயத்தையும் வென்றார். கையுறை அணிந்ததால் அவர் வீரம் குறைந்துவிட்டதா?

சிறுவனாக இருந்தபோது தாத்தாவைக் கேட்டேன்: "தாத்தா, அந்தச் சூட்டுல நின்னுடலாம்னு தோணாதா?" அவர் சிரித்தார். "தோணினா எங்கடா நிக்கிறது? கூண்டு வந்தாத்தானே மேலே வர முடியும்!"

அந்தச் சிரிப்பின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நிற்க வழியிருந்தும் நில்லாதவனின் உறுதி வீரம். நிற்க வழியே இல்லாதவனின் உறுதியையும் வீரமென்று பாடி, அத்தோடு விட்டுவிடுவது கொடுமை. 1940-களில் நடந்த ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட தங்கவயல் தொழிலாளரில் ஐந்தில் இருவருக்கு மேல் கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. இரும்பு மனிதர் என்ற புகழுரை அந்த நுரையீரலுக்கு மருந்தாகுமா?

அவர்கள் வாய்மூடிச் சுமந்தவர்கள் என்றும் எண்ணாதீர்கள். குற்றவாளிகளைப் போலக் கைரேகை பதிய வேண்டும் என்றபோது, 1930-இல் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பாறையைப் பிளந்த கைகளுக்கு, "மாட்டோம்" என்று சொல்லவும் தெரிந்திருந்தது. அதுவும் உரமே! மிதிவண்டி வீரர்களும் அதைத்தான் செய்தார்கள். 2016 முதல் அவர்களுடைய பந்தயங்களுக்கும் கடும் வானிலைக்கான நெறிமுறை உண்டு. பனியோ வெயிலோ எல்லை மீறினால் ஓட்டத்தைச் சுருக்கலாம், நிறுத்தலாம். அதனால் பந்தயம் அழிந்துவிடவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். என் தம்பியும் போகிறான். கொட்டும் மழையில் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் சுமக்கிறான். நேரம் தவறினால் வருவாய் குறையும். ஆகவே அவன் நிற்பதில்லை. அவனுக்கு ஊரார் தரும் பட்டமும் "கெட்டிக்காரப் பையன்" என்பதுதான்!

தோழர்களே, அடுத்த மழைநாளில் நம் விடுதி வாயிலில் நனைந்து நிற்பவனைப் பார்த்து, "என்ன உரம்!" என்று வியந்துவிட்டுக் கதவை மூடாதீர்கள். அவன் ஒதுங்கி நிற்க ஓர் இடம் கொடுங்கள். தாமதத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நாளை நீங்கள் அதிகாரியாகவோ முதலாளியாகவோ அமரும்போது, "இவன் எவ்வளவு தாங்குவான்?" என்று கேளாதீர்கள், "இவனால் நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். தாத்தாவின் கூண்டு அவர் அழைத்தபோது மேலே வரவில்லை. தம்பியின் கூண்டாவது வரட்டும்!